ஐந்தாவது குச்சி

"நாலு பேர் சாப்பிடப் போறோம். ஆனா அஞ்சு பேர் சாப்பிடறாங்க" என்றார் சர்வேயர்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பட்டாசு பேனாவை நிறுத்தினான். "சார், எங்க வீட்டுல நாலு பேருக்குச் சமைப்பாங்க. அஞ்சு பேர் சாப்பாட்டை நான் ஒருத்தனே சாப்பிடுவேன். இதுக்கெல்லாம் துப்பறியிறவங்ககிட்ட வந்தா எப்படி?"

"பட்டாசு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அவன் வாயை மூடிக்கொண்டான். அவர் போலீஸ் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. வேலை போனாலும் பேரும் அந்தக் குரலும் போகவில்லை. பட்டாசு அவர் கணவரின் தம்பி. நாற்பது வயது. வாயாலேயே மூன்று வேலைகளை இழந்தவன். நாலாவது வேலை அண்ணியிடம். இங்கே அவனைத் துரத்தினால் இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி அதே வீட்டுக்குத்தான் வருவான் என்பதால் யாரும் துரத்தவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த சர்வேயருக்குக் கண் தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு விடிகாலை, நடைப்பயிற்சிக்குப் போனவரைப் பின்னாலிருந்து வந்த வண்டி தூக்கி எறிந்தது. தலையில் அடி. உயிர் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. வண்டியும் சிக்கவில்லை.

"நீல லாரின்னு சொன்னாங்க" என்றார். "என் சிநேகிதன் ஒருத்தன் பார்த்தான். டிராயிங் மாஸ்டர். நம்பர் தெரியலை, நிறம் மட்டும் தெரிஞ்சுதாம்."

"சாப்பாட்டுக்கு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"நானும் என் மனைவியும், மாஸ்டரும், இன்னொரு சிநேகிதன் பல் டாக்டரும். காலேஜ் காலத்துப் பழக்கம். மாசத்துக்கு ஒரு தடவை வெளியில சாப்பிடுவோம். ஒரு மாசம் ஜப்பான் ஓட்டல், அடுத்த மாசம் தாய்லாந்து ஓட்டல். கண்ணு போனதுக்கு அப்புறமும் விடலை. அவங்கதான் விடலை. மாஸ்டர் மெனு கார்டை ஒரு வரி விடாம படிச்சுக் காட்டுவான். தாய் ஓட்டல் சூப்புல தண்டு தண்டா எலுமிச்சைப்புல்லு கிடக்கும், அதைக் கடிக்கக் கூடாது. என் மனைவி எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டுத்தான் கிண்ணத்தை என் முன்னாடி வைப்பா."

"நல்ல சிநேகிதங்க."

"அப்படித்தான் நினைச்சேன்." சர்வேயர் தன் கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார். "ஜப்பான் ஓட்டல்ல சாப்பிட மரக்குச்சி குடுப்பாங்க, பார்த்திருப்பீங்க. ரெண்டும் ஒட்டியிருக்கும். பிரிச்சா 'படக்'னு சத்தம் வரும். போன தடவை அங்க போனப்ப நான் என் குச்சியைப் பிரிக்காம கையில வெச்சிருந்தேன். மத்தவங்க பிரிச்சாங்க. படக், படக், படக்..." அவர் நிறுத்தினார். "நாலாவதா ஒண்ணு. அப்புறம் நான் என்னுதைப் பிரிச்சேன். அது அஞ்சு."

"பக்கத்து மேஜையா இருக்கலாம்."

"அங்க ஒவ்வொரு மேஜைக்கும் தனித்தனி அறை மாதிரி காகிதத் தடுப்பு. சத்தம் என் எதிர்ல வந்தது. அம்மா, நான் இருபது வருஷம் நிலம் அளந்தவன். கண்ணு போனாலும் தூரம் எனக்குத் தப்பாது. யாரோ ஒருத்தர் என் எதிர்ல உட்கார்ந்து, மூச்சுக்கூடச் சத்தமா விடாம சாப்பிடறாங்க. அது மத்த மூணு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

பட்டாசுக்குக்கூட ஜோக் வரவில்லை.

அப்போது சர்வேயரின் பையில் போன் அடித்தது. அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "மன்னிக்கணும். மைத்துனி. மனைவியோட தங்கச்சி. மாமனார் போனதுக்கு அப்புறம் பள்ளிக்கூட வயசுல இருந்து எங்க வீட்டுலதான் வளர்ந்தா. எனக்கு ஆக்சிடென்ட் ஆன மாசமே வெளிநாட்டுல வேலை கிடைச்சுப் போயிட்டா."

ஒலிபெருக்கியை அழுத்திப் போனை மேஜைமேல் வைத்தார். "சொல்லு குட்டி!"

"அத்தான், சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

"எல்லாம் ஆச்சு. அங்க எப்படி இருக்கு?"

"ஒரே பனி அத்தான். வெளிய கால் வைக்க முடியலை."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாரல் மேஜைக் காகிதங்களை நனைக்க, இன்ஸ்பெக்டரம்மா எழுந்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். மழைச்சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். சர்வேயர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பாசம் எப்பேர்ப்பட்ட காதையும் அடைத்துவிடும்.

பேசி முடித்ததும் அவர் முகம் மறுபடி இறுகியது.

"யாருன்னு கண்டுபிடிச்சுத் தர்றேன்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஆனா பதில் உங்களுக்குப் பிடிக்காமப் போகலாம்."

"பரவாயில்லை. ஒண்ணு மட்டும். என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடாதீங்க. அந்த மேஜையில, அவங்க எல்லாரும் இருக்கும்போது எனக்குத் தெரியணும். அவங்க முகம் மாறுறதைத்தான் நான் பார்க்க முடியாது. குரல் மாறுறதையாவது கேக்கணும்."

*

"மனைவிக்கு ஒரு ஆள் இருக்கான் அண்ணி" என்றான் பட்டாசு, தாய் ஓட்டல் படியேறும்போது. "புருஷன் எதிர்லயே உட்கார வெச்சு விருந்து வைக்கிறாங்க. டாக்டரும் மாஸ்டரும் கூட்டு. கேஸ் முடிஞ்சுது. ஒரு கிரீன் கறி சொல்லட்டுமா?"

"ரெண்டா சொல்லு. பேசாம சாப்பிடு."

மதிய நேரம். கூட்டம் இல்லை. தேங்காய்ப்பாலும் துளசியும் கொதிக்கிற வாசனை சமையலறையிலிருந்து வந்தது. சூப்பர்வைசர் பெண் மெனு கார்டோடு வந்தாள்.

"போன தடவை இங்க கண் தெரியாத ஒருத்தரோட வந்தாங்களே, எங்களுக்கு வேண்டியவங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அவங்க உட்கார்ற மேஜைதான் நல்லா இருக்கும்னு சொன்னாங்க. அது கிடைக்குமா?"

"அது அஞ்சு பேர் மேஜை மேடம். நீங்க ரெண்டு பேர்தானே?"

பட்டாசு அண்ணியின் காலை மேஜைக்கடியில் மிதித்தான். அண்ணி திருப்பி மிதித்தார்.

"அஞ்சு பேரா? நாலுன்னு நினைச்சேன்."

"இல்ல மேடம், எப்பவும் அஞ்சு. அந்தச் சின்னப் பொண்ணு பேசாது, அதனால உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கும். பாவம், வாய் பேச முடியாது போல. மெனுவுல விரல் வெச்சுத்தான் காட்டும்."

"பொண்ணா?" என்றான் பட்டாசு. அவனுடைய தியரி அங்கேயே தலைகுப்புற விழுந்தது.

"ஆமா சார். அதிகமா சாப்பிடவும் சாப்பிடாது. சாரோட சூப் கிண்ணத்தை அந்த மேடம் எடுத்து இந்தப் பொண்ணுகிட்ட நகர்த்திடுவாங்க. அதுதான் தண்டு, இஞ்சி, இலை எல்லாத்தையும் ஒண்ணு விடாம பொறுக்கும். அப்புறம் மேடம் கிண்ணத்தைத் திருப்பி சார் முன்னாடி வைப்பாங்க. தன் கையால எடுத்த மாதிரி."

சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் போனதும் பட்டாசு குனிந்து கிசுகிசுத்தான். "விஷம் வைக்கிறாளோ?"

"எதிரியா இருந்தா கிண்ணத்துல எதையாவது போடுவாடா. எடுக்க மாட்டா."

"அப்ப யாரு?"

இன்ஸ்பெக்டரம்மா ஸ்பூனால் சாதத்தைக் கிளறிக்கொண்டே சொன்னார். "பனி பெய்ஞ்சா சத்தம் வருமா பட்டாசு?"

"நான் பனியையே பார்த்ததில்லை அண்ணி. ஐஸ் பெட்டியிலதான்."

"வராது. ஆனா மைத்துனி பேசின போனுக்குள்ள மழை கொட்டிச்சு. நம்ம ஊர் மழை. நான் ஜன்னலைச் சாத்தின பிறகும் கேட்டுது."

பட்டாசு வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே தட்டில் வைத்தான். அவன் சாப்பாட்டைத் தட்டில் திருப்பி வைத்து அண்ணி பார்த்ததில்லை.

"இங்கயேதான் இருக்காளா? ரெண்டு வருஷமாவா? எதுக்கு அண்ணி?"

"அதுதான் எனக்கும் தெரியலை. தெரியாத வரைக்கும் நல்லது."

*

ஜப்பான் ஓட்டலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். பாய் விரித்த சின்னச் சின்ன அறைகள், நடுவில் தாழ்வான மேஜை, இடையில் காகிதத் தடுப்பு. ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும். சர்வேயர் குழுவுக்குப் பக்கத்து அறையை இன்ஸ்பெக்டரம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தடுப்பின் ஓரத்தில் ஒரு விரல் அகல இடைவெளி.

அவர்கள் வந்தார்கள். முதலில் சர்வேயர், மனைவியின் முழங்கையைப் பிடித்தபடி. மனைவி மருந்துக்கடை நடத்துபவள். பேச்சிலும் நடையிலும் எல்லாவற்றையும் அளந்து கொடுப்பவள். பின்னால் பருமனான பல் டாக்டரும் ஒல்லியான டிராயிங் மாஸ்டரும். கடைசியாக, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பூனை மாதிரி ஒரு பெண் வந்து சர்வேயருக்கு எதிரே உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயதுக்குள். அதே மூக்கு, அதே நெற்றி. அக்காவை அச்சில் வார்த்து, சிரிப்பை மட்டும் உருவிவிட்ட மாதிரி இருந்தாள்.

பட்டாசு அந்த இடைவெளியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே, கை போன போக்கில் தட்டிலிருந்த பச்சை விழுதை ஒரு உருண்டையாக எடுத்து வாயில் போட்டான். அடுத்த நொடி அவன் மூக்கு, காது, உச்சி மண்டை எல்லா வாசலும் ஒன்றாகத் திறந்துகொண்டன. கத்த முடியாது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாயில் உருண்டான்.

"துப்பறியிறவன் கண்ணீர் விடக் கூடாது" என்று காதோரம் சொன்னார் அண்ணி.

பக்கத்து அறையில் மாஸ்டர் மெனு படித்துக்கொண்டிருந்தார். "சால்மன் இருக்கு, சூரை மீன் இருக்கு, இது புதுசா விலாங்கு மீன்..."

"விலாங்கா? பாம்புக்குத் தலை, மீனுக்கு வால் காட்டுற ஆள் ஆச்சே அது" என்றார் சர்வேயர். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எதிரே இருந்த பெண்ணும் சிரித்தாள், சத்தமில்லாமல். பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பாடு வந்தது. குச்சிகள் உடைந்தன. படக். படக். படக். படக்.

சர்வேயர் தன் குச்சியைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்தார். குச்சிகள் உடைந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று இன்ஸ்பெக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஏன் என்று சொல்லவில்லை.

"குட்டிகிட்டப் பேசி ரெண்டு நாள் ஆச்சு" என்றபடி போனை எடுத்தார். "எல்லாரும் சேர்ந்து பேசுவோமே. அவளுக்கும் சந்தோஷமா இருக்கும்."

"இப்ப வேண்டாங்க!" மனைவியின் குரல் ஒரு படி உயர்ந்தது. "அங்க அவ தூங்கற நேரம்."

"எழுப்பினா எழுந்துக்கட்டுமே."

அவர் பொத்தானை அழுத்தினார்.

எதிரே இருந்தவள் பதறிக் கையை நீட்டினாள். அதற்குள் மேஜை விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய போன், மரப்பலகைமேல் வண்டு மாதிரி 'ர்ர்ர்... ர்ர்ர்...' என்று அதிர்ந்து நகர்ந்தது. மணியோசையை அணைத்திருந்தாள். அதிர்வை அணைக்கத் தோன்றவில்லை.

சர்வேயர் தன் போனை அணைத்தார். அதிர்வு நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதிர்ந்தது. நிலத்தை ஒருமுறைக்கு இருமுறை அளந்து பார்த்த பழக்கம்.

"குட்டி" என்றார் மெதுவாக. "எப்ப வந்தே?"

அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல இருந்து எப்பம்மா வந்தே? ஏன் அத்தான்கிட்டப் பேசலை?"

"அது வந்துங்க, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கலாம்னு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"நான் போகவே இல்லை அத்தான்."

அந்தக் குரல் போனில் கேட்ட குரல்தான். ஆனால் அதில் இருந்த துள்ளல் எல்லாம் வற்றிப்போயிருந்தது.

"வாயை மூடுடீ" என்றாள் அக்கா.

"மாட்டேன்க்கா. எத்தனை நாள் மூடிட்டு இருக்கறது? எதிர்லயே உட்கார்ந்து, ஊமை மாதிரி... எனக்கு மூச்சு முட்டுது." அவள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு வந்தது லாரி இல்லை அத்தான். அக்கா கார். ஓட்டினது நான்."

தடுப்புக்கு இந்தப் பக்கம் பட்டாசு கண்ணைத் துடைப்பதை நிறுத்தினான்.

"வண்டி கத்துக்கிட்டேன்னு உங்ககிட்டக் காட்டத்தான் எடுத்துட்டு வந்தேன். தனியா. லைசென்ஸ் இல்லை. வளைவுல நீங்க நடந்து போயிட்டு இருந்தீங்க. பிரேக்குன்னு நினைச்சு..." அவளால் முடிக்க முடியவில்லை. "டாக்டர் அண்ணன் வீடு பக்கத்துல இருந்துச்சு. ஓடிப்போய்க் கூப்பிட்டேன். போலீஸ்ல சொல்றேன்னு சொன்னேன் அத்தான். சத்தியமா சொன்னேன். விடலை."

"உயிரைக் காப்பாத்தறதுதான் அப்ப முக்கியமா இருந்துச்சு" என்றார் டாக்டர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம்... அந்தச் சின்னப் பொண்ணோட வாழ்க்கை. நாங்க உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான்..."

சர்வேயர் தலையைத் திருப்பினார், சரியாக மாஸ்டர் இருந்த பக்கம். "நீல லாரி?"

மாஸ்டர் மெனு கார்டை மூடி வைத்தார்.

"ரெண்டு வருஷமா நான் அந்த லாரியைத்தான் சபிச்சுட்டு இருக்கேன். கனவுல வரும். நீ பூசின நீலம்தான் எனக்கு மிச்சமிருந்த ஒரே நிறம், தெரியுமா? மெனு கார்டுல மீனுக்கு மீன் படிச்சுச் சொன்னியே மாஸ்டர். எதிர்ல யார் உட்கார்ந்திருக்கான்னு ஒரு நாள் படிச்சுச் சொல்லத் தோணலையா?"

மாஸ்டர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"யாரையும் திட்டாதீங்க" என்றாள் மனைவி. அவள் அழவில்லை. "முடிவு பண்ணினது நான். உங்க கண்ணு போனது போனதுதான். திரும்பி வராதுன்னு டாக்டர்ங்க சொல்லிட்டாங்க. அவ வாழ்க்கையும் சேர்ந்து போகணுமா? எங்கயாவது போய்த் தொலைன்னு சொன்னேன். அத்தானைப் பார்க்காம இருக்க முடியாதுன்னு ஒரே அடம். சரி, மாசம் ஒரு தடவை வா, பாரு, பேசாதேன்னேன். அப்பா ஸ்தானத்துல நீங்கதான் அவளை வளர்த்தீங்க. தெரிஞ்சா நீங்களே மன்னிச்சிருப்பீங்க."

"மன்னிச்சிருப்பேன்" என்றார் சர்வேயர். "அதை நான்தானே சொல்லணும்? என்னைச் சொல்ல விட்டியா?"

அவள் அவர் முன்னாலிருந்த தட்டை நேராக்கி வைத்தாள்.

"குட்டி என் கண்ணை எடுத்தது விபத்து. தெரியாம நடந்தது. நீங்க மூணு பேரும் பண்ணினது தெரிஞ்சே பண்ணினது. எனக்குக் கண்ணு இல்லைங்கிறதை ஒரு வசதியா வெச்சுக்கிட்டீங்க. என் எதிர்ல ஒரு ஆளை உட்கார வெச்சு, கண்ணாலயே பேசிக்கிட்டு, என் கையில கிண்ணத்தைக் குடுத்துக் குடின்னு சொன்னீங்க. நானும் குடிச்சேன். ருசியா இருக்குன்னு வேற சொன்னேன்."

அவர் குரல் அங்கேதான் உடைந்தது. வேறெங்கும் உடையவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா தடுப்பை நகர்த்தினார். டாக்டர் திடுக்கிட்டு எழப்போனார். "உட்காருங்க டாக்டர். போலீஸ்ல பொய் வாக்குமூலம் குடுத்ததைப் பத்தி உங்ககிட்டயும் மாஸ்டர்கிட்டயும் நாளைக்குக் கேப்பாங்க. இன்னிக்கு நிம்மதியா சாப்பிடுங்க."

யாரும் சாப்பிடவில்லை.

சர்வேயர் எழுந்தார். மனைவி பழக்கதோஷத்தில் முழங்கையை நீட்டினாள். அவர் கை அதைத் தொட்டது, தெரிந்துகொண்டது, விலகிக்கொண்டது.

"நான் எப்படிங்க வீட்டுக்குப் போவேன்?"

"உனக்குக் கண்ணு இருக்கே. வழி பார்த்துப் போ."

பிறகு அவர் எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். "குட்டி, நீ வா. போலீஸ் ஸ்டேஷனுக்கு எனக்கு வழி தெரியாது. நீதான் கூட்டிட்டுப் போகணும்."

அவள் ஒரு கணம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைத் தன் தோள்மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக.

தெரு முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காரில் போகலாம் என்றார் இன்ஸ்பெக்டரம்மா. நடந்தே போகிறோம் என்றார் சர்வேயர். அவர்கள் முன்னால் போனார்கள். பட்டாசும் அண்ணியும் கொஞ்சம் தள்ளிப் பின்னால்.

"மேடு அத்தான். இப்ப இடது பக்கம். ஒரு சைக்கிள் நிக்குது, பார்த்து."

அவள் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாள். தேவைக்கு அதிகமாகவே சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

"இவரு கேஸ் குடுப்பாரா அண்ணி, மாட்டாரா?" என்றான் பட்டாசு.

"தெரியலை."

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு, உள்ளே வந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்குக் கண் தெரியவில்லை. மற்றவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன விஷயம்? யார் பேசப் போறீங்க?"

"நான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.